வெளிவர இருக்கும் படத்தின் பாட்டுக்காரர்

செய்தி ஆட்டோவில் வந்தது. காலையில் பல் விளக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறேன், தெருமுனையில் இரங்கல் அறிவிப்பு ஆட்டோ திரும்பியது. எக்கோவைக் கண்டபடி ஏற்றி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு சொல்லும் இரண்டு தடவை கேட்டது. எங்கள் பாட்டுக் குழு மேனேஜர் காதில் விழுந்தால் ஆட்டோவை மறித்து ஒயரைப் பிடுங்கிவிடுவார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். அப்புறம்தான் அந்தக் குரல் யார் பெயரைச் சொல்கிறது என்பது மண்டையில் ஏறியது. "மைக் செட் ஏகாம்பரம் அவர்கள் இன்று அதிகாலை..." என்றது. வாயில் பிரஷ்ஷோடு தெருவில் ஓடினேன். யாரைப் பிடிக்க ஓடினேன் என்று இப்போது கேட்டால் தெரியாது.

கண்ணமங்கலத்தில் அவர் வீட்டுச் சந்தில் அதற்குள் பேனர் கட்டிவிட்டார்கள். சிரித்த முகம், வெள்ளைச் சட்டை, கீழே 'மைக் செட் உரிமையாளர்' என்று போட்டிருந்தது. அவ்வளவுதான். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், அது ஊருக்கே தெரிந்த விஷயம். சாவு வீடு என்றும் பார்க்காமல் பேனர் கட்டியவர்களிடம், "இவ்ளோதானா இவரு? ஒயரும் ஆம்ப்ளிஃபயரும்தானா?" என்று சத்தம் போட்டேன். அவர்கள் பாவம், விழித்தார்கள். அவர்களுக்கு அவ்வளவுதான் தெரியும். உங்களில் பலருக்கும் அவ்வளவுதான் தெரியும்.

உங்களுக்கு 'புளியம்பழமே' பாட்டு தெரியும். வேலூரிலிருந்து ஆரணி வரை, மேலே ஜவ்வாது மலை ஊர்கள் வரை, அந்தப் பாட்டுக்கு ஆடாத கால் கிடையாது. 'வளைவுக்கு வளைவு வண்டி குலுங்குது' என்று நான் மேடையில் ஆரம்பித்தால், 'புளிக்கும்னு தெரிஞ்சே கடிச்சேன்' என்று கூட்டம் முடித்து வைக்கும். அது வராமல் போன ஏதோ ஒரு சினிமாவின் பாட்டு என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இல்லை. அதை எழுதியவர், மெட்டுப் போட்டவர், அதைப் பாடிய ஜிகினா மெல்லிசைக் குழுவை நடத்தியவர், எல்லாமே எங்கள் மேனேஜரான இந்த மைக் செட் ஏகாம்பரம்தான். இதை இத்தனை வருஷமாக எந்த மேடையிலும் நான் சொல்லவில்லை. சொல்ல அவர் விடவில்லை. ஏன் விடவில்லை, கடைசியில் அது எப்படிச் சொல்லப்பட்டது என்பதற்காகத்தான் இந்த அஞ்சலி.

அவருக்கு ராக் பாட்டுப் பைத்தியம் பிடித்தது ஒரு காதுகுத்தில். அப்போது அவர் ஒரு மைக் செட் கடையில் வேலை பார்த்தார். வேலூரிலிருந்து பழைய இசைத்தட்டுகளைக் கட்டாக வாங்கிவந்து போட்டிருந்தார்கள். பாதித் தட்டில் லேபிள் கிழிந்திருக்கும். விசேஷ வீட்டில் முதலில் பிள்ளையார் பாட்டுப் போட வேண்டும். இவர் கை மாறி ஒரு இங்கிலீஷ் தட்டை வைத்துவிட்டார். தென்னை மரத்தில் கட்டிய ஒலிபெருக்கியிலிருந்து கிடாரும் டிரம்ஸும் 'தடதட' என்று இறங்கியிருக்கின்றன. பெரியவர்கள் எல்லாம் 'அடப்பாவி' என்று எழுந்துவிட்டார்கள். ஆசாரி அந்தச் சமயம் பார்த்துக் காதில் ஊசியை இறக்கிவிட்டார். மாமன் மடியில் இருந்த குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு மரத்தையே பார்த்ததாம். மாமனின் முட்டியும் தன்னால் ஆடியதாம். இதை அவர் சொல்லும்போது தன் முட்டியையும் ஆட்டிக் காட்டுவார்.

"ராக்குன்னா இன்னா தெரியுமா? அழுதுகினு இருக்குற புள்ள அழுவாச்சிய நிறுத்திட்டு திரும்பிப் பாக்கணும். அவ்ளோதான்" என்பார். பேண்ட் போட்ட காலேஜ் பிள்ளைகள் வந்து ராக் என்றால் அது இது என்று விளக்கம் கொடுத்தாலும் இதையேதான் திருப்பிச் சொல்வார். அந்தத் தட்டில் பாடியது யார் என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. லேபிள்தான் இல்லையே.

நான் அவரைச் சந்தித்ததே சண்டையில்தான். கணியம்பாடிப் பக்கம் எங்கள் தெருவில் ஒரு கல்யாணம். ஒலிபெருக்கியை நேராக என் வீட்டு ஜன்னலைப் பார்த்துக் கட்டிவிட்டார்கள். உள்ளே என் கைக்குழந்தைக்குக் காய்ச்சல். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, போய் நின்று ஒரு பிடி பிடித்தேன். "யோவ், வூட்ல புள்ள ஒடம்பு சரியில்லாம கெடக்குது, உனுக்கு மனசாட்சி கீதா?" என்று ஆரம்பித்தது, மூச்சு வாங்குகிற வரைக்கும் நிற்கவில்லை. அவர் பாட்டை நிறுத்தினார். ஏணி வைத்து ஏறி ஒலிபெருக்கியை வயல் பக்கம் திருப்பினார். இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டு, "இந்தக் கொரலுக்கு மைக்கே தேவ இல்லியேம்மா. பாடுவீங்களா?" என்று கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஆனால் மறுநாள் அவரும் அவர் மனைவி சம்பூரணமும் குழந்தைக்கு ரொட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்கள். என் வீட்டுக்காரரிடம் முறையாகக் கேட்டார்கள். அவர் கண்டக்டர், பாட்டுப் பிரியர். "திட்டறதுக்கு பதிலா பாடட்டுங்க, எனக்கும் நிம்மதி" என்று சொல்லிவிட்டார். அப்படித்தான் பூங்காவனமாகிய நான் பாடகி ஆனேன்.

குழுவுக்கு ஜிகினா என்று பெயர் வைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. 'ராகம்', 'கானம்' என்று வைக்காமல் இது என்ன பெயர் என்று கேட்டேன். "ராகம்னு வெச்சா நம்மகிட்ட ராகம் கேப்பாங்கம்மா. ஜிகினான்னா மினுக்குனா போதும்" என்றார். கிடார் வாசிக்க ஆரணியிலிருந்து ஜெயபாலைப் பிடித்து வந்தார். ஜெயபால் பள்ளிக்கூடத்து வாத்தியார், வேட்டி கட்டிக்கொண்டுதான் கிடார் வாசிப்பார். அவரிடம் மேனேஜர் வாயாலேயே 'டிங்கு டிங்கு டக்கா' என்று சொல்லிக் காட்ட, அவர் தேடித்தேடி அதைக் கம்பியில் பிடிப்பார். மேனேஜருக்கு ஸ்வரம் தெரியாது. ஆனால் தப்பாக வாசித்தால் பல்வலி வந்தவர் போல முகம் சுளிப்பார். 'புளியம்பழமே' பாட்டு அப்படித்தான், ஒரு பல்வலியும் ஒரு வேட்டியும் சேர்ந்து பிறந்தது.

மேனேஜர் என்றால் நிஜமான மேனேஜர். மேடைக்கு எந்தப் பக்கம் கரண்ட் வருகிறது, ஜெனரேட்டர் இருக்கிறதா, பாம்பு வருகிற இடமா எல்லாம் பார்ப்பார். சாப்பாடு என்றால் முதலில் "பூங்காவனம் சாப்ட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்றவர்களுக்கு இலை போட விடுவார். கச்சேரி முடிந்து விடியற்காலையில் வேன் என் தெருவுக்குள் நுழையும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஜிகினா வந்தாச்சு!" என்று கத்துவார். எனக்கு மானம் போகும். ஊர் தூங்குகிறதே, ஏன் இந்தக் கத்தல் என்று ஒரு நாள் சண்டை போட்டேன். "ஊரு முழிச்சிப் பாக்கட்டும்மா. வேன்ல எல்லாரும் இருக்கறத, நீங்க வாசல்ல எறங்கறத, உங்க வூட்டுக்காரரு கதவு தெறக்கறத, எல்லாத்தையும் பாக்கட்டும். அப்பறம் எவன் நாக்கு நீளும்?" என்றார். 

முதன்முதலில் 'புளியம்பழமே' பாடியது ஓர் ஆடி மாதக் கூழ் ஊற்றும் திருவிழாவில். மேனேஜர் புதுச் சட்டை போட்டிருந்தார். மைக்கைப் பிடித்து, "அடுத்து எங்கள் குழுவின் சொந்தப் பாடல்" என்றார். குரல் கொஞ்சம் நடுங்கியது. நான் முதல் வரியை எடுத்ததுதான் தாமதம், கூட்டத்திலிருந்து, "யோவ், சொந்தப் பாட்ட உன் சொந்தக்காரங்க வூட்ல போய் பாடு! சினிமா பாட்டு போடுய்யா!" என்று ஒருத்தர் கத்தினார். விசில் பறந்தது. குந்தியிருந்தவர்கள் எழுந்து பாயைச் சுருட்டினார்கள். பாதியில் நிறுத்தி வேறு பாட்டுக்குப் போனோம். வேனில் திரும்பும்போது அவர் புதுச் சட்டையைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டு பனியனோடு உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வாரம் பக்கத்து ஊர். அதே பாட்டு. மைக்கைப் பிடித்தார், இந்தத் தடவை குரலில் நடுக்கமே இல்லை. "விரைவில் வெளிவர இருக்கும் 'வளைவில் ஒரு வாலிபன்' என்ற மாபெரும் வெற்றிப் படத்திலிருந்து, உங்களுக்காக, முதன்முறையாக, ஜிகினாவில் மட்டும்!" என்றார். எங்களுக்கே தூக்கிவாரிப் போட்டது. ஜெயபால் கிடாரைப் பிடித்தபடி என்னைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன். கூட்டமோ கப்பென்று அடங்கிவிட்டது. பாடினேன். முடிப்பதற்குள் "ஒன்ஸ் மோர்" கேட்டார்கள். திரும்பப் பாடினேன், திரும்பவும் கேட்டார்கள். அன்றைக்குக் கூட்டத்தில் எழுந்து ஆடியவர்களில் முந்தைய திருவிழாவில் பாயைச் சுருட்டியவர்களும் இருந்தார்கள், நான் முகம் பார்த்தேன்.

மேடைக்குப் பின்னால் பிடித்துக்கொண்டேன். "இன்னா மேனேஜர், இப்பிடிப் புளுகறீங்க? எந்த வாலிபன்? எந்த வளைவு?"

"நான் எங்கம்மா புளுகினேன்? வெளிவர இருக்கும்னுதான சொன்னேன். வந்துடுச்சின்னா சொன்னேன்?"

"மாபெரும் வெற்றிப் படம்னீங்களே!"

"வந்தா வெற்றிதான? பாட்டு நல்லா கீதே."

அன்றிலிருந்து அவர் எழுதிய எல்லாப் பாட்டுக்கும் ஒரு படம் பிறந்தது. 'திருப்பத்தூர் திலகம்', 'ரயிலேறும் ராஜாத்தி' என்று வாய்க்கு வந்ததை எல்லாம் வைத்தார். ஆனால் ஜனங்கள் பிடித்துக்கொண்டது வாலிபனைத்தான். சந்தையில், பஸ்ஸில், ஆஸ்பத்திரி வரிசையில்கூட என்னிடம் கேட்பார்கள், "அந்த வளைவுப் படம் எப்பங்க வருது?" என்று. நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "மேனேஜரைக் கேளுங்க" என்று போய்விடுவேன்.

அவருக்குத் தன் பேர் வர வேண்டும் என்ற ஆசையே இல்லையா என்றால், இருந்தது. ஒரு தடவை பஸ்ஸில் நானும் அவரும் சம்பூரணம் அக்காவும் போய்க்கொண்டிருந்தோம். முன் சீட்டில் ஓர் ஆள் 'புளியம்பழமே' முணுமுணுத்துக்கொண்டிருந்தார். மேனேஜர் எட்டி, "யாரு எழுதினதுங்க இது?" என்று கேட்டார். அந்த ஆள் கொஞ்சமும் யோசிக்காமல், அப்போது உச்சத்தில் இருந்த ஒரு பெரிய கவிஞரின் பேரைச் சொன்னார். "அவரத் தவிர எவனால இப்பிடி எழுத முடியும்?" என்று வேறு சேர்த்துக்கொண்டார். மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. இறங்கும்வரை என் தோளைத் தட்டித்தட்டி, "கேட்டியாம்மா, கேட்டியாம்மா" என்றார். எப்போதும் 'நீங்க' என்பவர் அன்றைக்குத் தன்னை மறந்து 'நீ' என்றார். மறுநாள் அக்கா என்னிடம் வேறு கதை சொன்னார். "வூட்டுக்கு வந்து சாப்டவே இல்லடி. சோத்த பெசஞ்சிகினே குந்திகினு கீறாரு. இன்னான்னு கேட்டா, ஒண்ணுமில்லன்றாரு." அக்காவுக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான்.

அந்த ஆதங்கத்தில்தான் கேசட் கடை விஷயத்தில் இறங்கினேன். வேலூரில் ஒருவர் கேசட் போட்டு விற்றுக்கொண்டிருந்தார். கடை பேர் வேண்டாம். அவர் எங்கள் பாட்டைக் கேட்டு, பதிவு செய்யலாம் என்று வரச் சொன்னார். நான்தான் மேனேஜரையும் ஜெயபாலையும் இழுத்துக்கொண்டு போனேன். அட்டையில் பேர் போடுவார்கள் அல்லவா, அதற்காக. உட்கார்ந்ததும் கேசட்காரர், "படத் தயாரிப்பாளர்கிட்ட அனுமதிக் கடிதம் வாங்கிட்டு வந்துடுங்க, அப்பறம் பிரச்சன வரக் கூடாது" என்றார். நான் சொன்னேன், "படமே இல்லீங்க. இவருதான் எழுதினாரு." அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இன்னாம்மா, எனுக்கேவா? படம் பாதில நின்னுப்போச்சு, கேஸ் நடக்குதுன்னு இண்டஸ்ட்ரியே பேசிகினு கீது" என்றார்.

நான் சத்தியம் செய்தேன். ஜெயபால் சத்தியம் செய்தார். மனிதர் நம்பவே இல்லை. அடுத்தவன் பாட்டைத் தன் பாட்டு என்று சொல்கிற கூட்டம் என்று எங்களைப் பற்றி முடிவே கட்டிவிட்டார். வெளியே வந்து நான் அழுதேன். மேனேஜர் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். "கேஸ் நடக்குதாம்மா! நம்ம படத்துக்கு கேஸ்! யாரு ஜெயிப்பாங்கன்னு கேட்டிருக்கலாம்" என்றார். அவர் சொன்ன புளுகு அவர் வாசலிலேயே வந்து கதவை அடைத்துக்கொண்டு நிற்கிறது, அவரோ சிரிக்கிறார். அந்த டீயை நான் குடிக்கவில்லை.

இப்போது ஜவ்வாது மலை மேல் இருக்கும் புதூர்நாட்டுக்கு வருகிறேன். அங்கே எங்களுக்கு வருஷா வருஷம் அழைப்பு உண்டு. திருப்பத்தூர் வரைக்கும் வேன், அப்புறம் ஜீப். டிரம்ஸ் ஒரு ஜீப்பில், நாங்கள் ஒன்றில். முதல் தடவை போனபோது மேடை கட்டுகிற இடத்தில் சின்னாண்டி என்பவர் வந்து நின்றார். சாமையும் புளியும் விளைவிக்கிற குடியானவர், நல்ல உயரம், தலையில் உருமால். எங்கள் பேனரைக் காட்டி, "அதுல இன்னாங்க எழுதிக்கீது? எனுக்கு எழுத்து தெரியாது" என்றார். மேனேஜர் படித்துக் காட்டினார்.

"உங்க பேரு எங்கங்க கீது?"

"என் பேரு இதுல இல்லீங்க."

"மேனேஜருன்றாங்க, பேரு போட மாட்டாங்களா?" என்று சின்னாண்டி உண்மையாகவே வருத்தப்பட்டார்.

அன்றைக்கு மேடையில் 'வளைவில் ஒரு வாலிபன்' அறிவிப்பு முடிந்ததும் சின்னாண்டி எழுந்து, "இந்தப் படத்த நான் பாத்துட்டேன்!" என்றார். எனக்குப் பக்கென்றது. சந்தைக்குக் கீழே இறங்கியபோது டெண்ட் கொட்டாயில் பார்த்தாராம். ஊரே அவரைச் சுற்றிக்கொண்டது. பாட்டு முடிந்ததும் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். வாலிபன் ஜீப் ஓட்டுகிறான். புளி வியாபாரி மகள் மேல் ஆசை. மூன்றாவது வளைவில் ஜீப்புக்கு பிரேக் போய்விடுகிறது. மேலே இருந்து உருண்டு வருகிறது. அந்தப் பெண் இடுப்பில் இருந்த பலாப்பழத்தைக் கீழே போட்டு உருட்டி, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து வண்டியை நிறுத்துகிறாள். எந்தெந்தப் படங்களை எங்கெங்கே பார்த்து எப்படிக் கலந்தாரோ, பலாப்பழம் மட்டும் நிச்சயம் அவருடையதுதான். மேனேஜர் மேடை விளிம்பில் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்பறம் இன்னா ஆச்சிங்க?" என்று கதைக்கு நடுவே எடுத்துக் கொடுத்ததும் அவர்தான்.

இறங்கி வரும்போது ஜீப்பில் நான் பொரிந்து தள்ளினேன். "இதோட நிறுத்திக்கணும் மேனேஜர். அடுத்த வாட்டி மைக்ல உண்மைய சொல்லிடப் போறேன். எழுதினது நீங்கதான், படம் கெடம் ஒண்ணும் கெடையாதுன்னு."

அவர் வளைவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். அப்புறம், "சொன்னா அந்த ஆளு இன்னா ஆவாரு?" என்றார். "பொண்டாட்டி புள்ளைங்க எதிர்ல, ஊரு எதிர்ல பொய்யனாயிடுவாரு. மொத பொய் சொன்னவன் நானு, அசிங்கம் அவருக்கா? என் பேரு பெருசா, அவரு மானம் பெருசா?"

அடுத்த மேடையிலும் அதே அறிவிப்புக்குப் பின்னால்தான் பாடினேன். அடுத்த வருஷம் அவர் 'பிரேக்கு இல்லாத வண்டிக்கு பிரேக்கு நீதாண்டி' என்ற பாட்டை எழுதிக்கொண்டு வந்தார். பலாப்பழம் அதில் இருந்தது. புதூர்நாட்டில் அதைப் பாடியபோது சின்னாண்டி எழுந்து நின்று, "நான் சொல்லல? நான் சொல்லல?" என்று எல்லாரையும் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மேனேஜர் முகத்தில் இருந்ததையும்.

அப்புறம் அவருக்கு மூச்சுத் திணறல் வந்தது, மலை ஏறுவது நின்றது. மைக் செட் கடையோடு இருந்தார். நாங்கள் போய்ப் பார்க்கும்போதெல்லாம் ஜெயபாலிடம் "டிங்கு டிங்கு" என்று எதையாவது சொல்லிக் காட்டுவார். மூச்சு வாங்கும், ஆனாலும் முகச் சுளிப்பு மாறவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் புதூர்நாட்டிலிருந்து போன் வந்தது. சின்னாண்டியின் பேத்தி பேசினாள். மேனேஜருக்காக ஊரில் ஒன்றுகூடுகிறோம், வந்து அவர் பாட்டைப் பாடிவிட்டுப் போங்கள் என்றாள். நான் ஜெயபாலைக் கூப்பிட்டேன். சம்பூரணம் அக்கா, "நானும் வர்றேன்" என்றார். உறவுக்காரர்கள், "காரியம் இப்பதான் முடிஞ்சுது, அதுக்குள்ள வூட்ட வுட்டு கெளம்பறதா?" என்று இழுத்தார்கள். நான் ஒரு முறை முறைத்தேன், அடங்கிவிட்டார்கள்.

ஜீப்பில் போகும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவரு ஒண்ணு சொன்னாருடி. நான் இருக்கற வரைக்கும் பூங்காவனத்த சொல்ல வுடாத. நான் போனப்பறம் அது வாய யாராலும் கட்ட முடியாது, சொன்னா சொல்லட்டும்னாரு." கொஞ்சம் நிறுத்தி, "சிரிச்சிகினேதான் சொன்னாரு. ஆனா மனசுல இருந்துதுடி" என்றார்.

சொல்லலாம் என்று அவரே சொல்லிவிட்டார். ஆனால் எந்த ஊருக்குப் போய்க்கொண்டிருக்கிறோம்? படத்தைப் பார்த்தவர் இருக்கிற ஊருக்கு. மேனேஜருக்குப் பேர் கொடுத்தால் சின்னாண்டியைப் பொய்யராக்க வேண்டும். சின்னாண்டியைக் காப்பாற்றினால் மேனேஜர் மறுபடியும் மைக் செட் ஏகாம்பரம்தான். மேலே போய்ச் சேரும்வரை இரண்டுக்கும் நடுவில் கிடந்து தவித்தேன்.

பிற்பகல். பலா மரத்தடியில் ஊர் கூடியிருந்தது. சின்னாண்டிக்கு வயதாகிவிட்டது, நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். சுற்றிலும் பேரப் பிள்ளைகள். அக்கா முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். ஜெயபால் கிடாரைச் சரி பண்ணினார். மைக் என் கையில் இருந்தது. 'விரைவில் வெளிவர இருக்கும்' என்று வாய் பழக்கத்தில் திறந்தது. நிறுத்தினேன். அக்காவைப் பார்த்தேன். "இந்தப் புளியம்பழமே பாட்ட எழுதினவரு, மெட்டுப் போட்டவரு, எங்க மேனேஜர் ஏகாம்பரம்" என்றேன்.

அவ்வளவுதான் வந்தது. 'படம் கிடையாது' என்று சொல்ல வாய் வரவில்லை. கூட்டம் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தது. ஒருத்தர் ஆரம்பித்தும் விட்டார், "அப்ப அந்தப் படம்..." என்று. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சின்னாண்டி நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். "இதுல இன்னா புதுசா கீது?" என்றார். "எனுக்குத்தான் தெரியுமே. படத்துல பேரு போட்டாங்களே. ஆரம்பத்துலயே வந்துச்சே, பாட்டு ஏகாம்பரம்னு."

அக்கா அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"பேரு போட்டாங்களாங்க?"

"போட்டாங்கம்மா."

"பெருசாவா?"

"தெர முழுக்கம்மா. படிக்காதவனுக்கே தெரியற மாதிரி."

ஜெயபால் தலையைக் குனிந்துகொண்டார். சின்னாண்டிக்கு எழுத்து தெரியாது என்பது எனக்கும் தெரியும், ஜெயபாலுக்கும் தெரியும். பேனரில் மேனேஜர் பேரைத் தேடி வருத்தப்பட்ட மனிதர் அவர். எத்தனை வருஷமாக அவருக்கு உண்மை தெரியும், இல்லை தெரியவே தெரியாதா, நான் கேட்கவில்லை. கேட்கப் போவதும் இல்லை. ஜெயபால் 'டிங்கு டிங்கு டக்கா' என்று எடுத்தார், நான் பாடினேன். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. அங்கெல்லாம் ஊர் பாடிக் கொடுத்தது. அக்காவின் முட்டி ஆடியது.

மேனேஜரே, உங்களிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது உங்கள் அறிவிப்பைத்தான். ஆனால் அதில் ஒரு வார்த்தையை மாற்றிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இனிமேல் எந்த மேடையிலும் 'வெளிவர இருக்கும்' என்று சொல்ல மாட்டேன். அந்தப் படம் வந்துவிட்டது. பேர் போட்டதைப் பார்த்தவர் புதூர்நாட்டில் இருக்கிறார்.